ஒட்டத் தெரிந்த கை

பழைய ரோடு பைக்குக்கு விலை சொல்வதில் அவரைப் போலக் கைதேர்ந்தவரைத் திருவல்லிக்கேணியில் நான் பார்த்ததில்லை. பெயர் வேண்டாம். மேன்ஷனில் தங்கிப் படித்த பையன்கள் ஊர் திரும்பும்போது சைக்கிளை அவரிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். என் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போன அன்று, நாங்கள் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்: "புதுசு 38,000 சார். தம்பிக்காக 22,000."

என்ன ஞாபக சக்தி! எந்த மாதம் வாங்கியது, பெட்டியிலிருந்து எடுத்தபோது எப்படி இருந்தது, எல்லாம் நுனிநாக்கில். செயின் எப்போது மாற்றியது என்பது மட்டும் அதில் இல்லை.

அதை நானே அளந்தேன். செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம். 24 கண்ணி அளந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 கூடிவிட்டால் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது நழுவும். இது 1/8-ஐயும் தாண்டி நின்றது. ஆனால் அதன் மினுமினுப்பைச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கண்ணி கண்ணியாகத் துடைத்து எண்ணெய் விட்டிருந்தார். அரை நாள் வேலை. தொண்டைமான் கொட்டிலில் ஔவை கண்ட ஆயுதங்கள் போர்க்களம் போகாததால் பளபளத்தன. போய்த் தேய்ந்து வந்ததையும் அப்படிப் பளபளக்க வைக்க இவரால் முடிகிறது.

மெரினா கூப்பிடு தூரம். உப்புக்காற்று எதையும் விடாது. கிரீஸ் தடவாமல் விட்ட சீட் போஸ்ட் அலுமினிய ஃப்ரேமுக்குள் பூத்து இறுகிவிடும். இருவர் பிடித்துத் திருகியும் அசையவில்லை. "தம்பி உயரத்துக்குன்னே அமைஞ்சிருக்கு சார்" என்றார். ஒரு பார்வையில் ஆள் அளவு எடுக்கிற கண்.

முன் ரிம்மில் பிரேக் கட்டை உரசும் இடம் விரல் வைத்தால் குழிவது தெரிந்தது. தேய்மானம் காட்ட வைத்திருக்கும் மெல்லிய கோடு அழிந்தே போயிருந்தது. டயரின் பக்கவாட்டில் வெடிப்பு. தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். செயின், பல்சக்கரம், இரண்டு டயர், கேபிள், கூலி என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கூட்டினார்: 9,200. ரிம் தனி. என் கணக்கு எப்போதும் ஒன்றுதான். நன்றாக வைத்திருந்த வண்டிக்கே புது விலையில் பாதி. ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை அதிலிருந்து கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இது பத்தாயிரத்தைத் தொடாது. கேட்டரிங் வேலைக்குப் போய் அந்தப் பையன் சேர்த்த பணம் அது. விடியற்காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் வர வேண்டும் என்பது அவன் ஆசை.

என் கணக்கை அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். ஒரு இடத்திலும் மறுக்கவில்லை. "22,000 சார்."

கிளம்பும்போதுதான் மெக்கானிக் அந்த ஸ்டிக்கரைத் தடவினார். ஹேண்டில் பாருக்குக் கீழே, ஃப்ரேமின் கீழ்க்குழாய் வந்து சேரும் இடம். குழாயின் வளைவோடு வளைந்து, ஒரு காற்றுக்குமிழி இல்லாமல், மயிரிழை சாயாமல் ஒட்டியிருந்தது. இத்தனை நேர்த்தியாக ஸ்டிக்கர் ஒட்டும் கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நகத்தால் ஓரத்தை நெம்பினார். அடியில், வெல்டிங்கை ஒட்டி, ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல். அலுமினியத்தில் அந்த இடம் விட்டால் பற்றவைத்து நம்பி ஏற முடியாது. குழி ஒன்றில் இறங்கினால் முன்சக்கரம் தனியே போகும்.

"மாமா, போலாம்" என்றான் பையன்.

அவர் கோபப்படவில்லை. தூக்கிய ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, பழையபடி மடிப்பில்லாமல் ஒட்டினார்.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். வண்டி இல்லை. கல்லூரிப் பையன் ஒருவன் எடுத்துப் போனானாம். 22,000. சொன்ன விலையிலிருந்து ஒரு ரூபாய் இறங்கவில்லை.