நடுவீட்டுக்காரனுக்கு ஒரு தந்தி

ஏலே பேராண்டி, இப்படி உக்காரு. இடது வீட்டு அண்ணனுக்கும் வலது வீட்டு அண்ணனுக்கும் நம்ம வாசல்ல யாரு காரை நிறுத்துறதுன்னு சண்டை. உனக்குக் காரே கிடையாது. ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ரயில் ஏறுத ஆளு. “நான் ரெண்டு பேருக்கும் பொது, தாத்தா”ங்கே. ரொம்ப சந்தோசம். அமெரிக்காவும் அப்படித்தாம்லே சொல்லிட்டுத் திரிஞ்சது.

முதல் உலகச் சண்டை நடக்கும்போது, 1916 நவம்பர்ல அமெரிக்க ஜனாதிபதி வில்சன் திரும்ப ஜெயிச்சதே, சண்டைக்குள்ள போகாம நாட்டைக் காப்பாத்துன மனுசன்னு கட்சிக்காரங்க ஊரெல்லாம் கொட்டடிச்சுத்தான். எண்ணி அஞ்சு மாசம். 1917 ஏப்ரல் 6, வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுக் களத்துல நிக்காரு.

நேத்து லண்டன் வைட்ஹால் தெருவுல குதிரைக்காரனைப் போட்டோ எடுக்கணும்னு என்னை இழுத்தியே, நான் அதுக்கு முந்துன பழைய கடற்படை ஆபீசையே பாத்துக்கிட்டு நின்னேன்லா? உள்ள ‘40-ஆம் நம்பர் ரூம்’னு ஒண்ணு அந்தச் சண்டை சமயத்துல இருந்துச்சு. அடுத்தவன் தந்தியைப் படிக்கதுதான் அங்க வேலை. கோவில்பட்டியில முப்பது வருசம் மோர்ஸ் சாவி தட்டுனவனுக்கு அந்த வாசல்ல கால் நகருமாலே?

நம்மூர்ல தந்தின்னாலே சாவுதான். தந்திச் சேவகன் சைக்கிள் தெருமுனை திரும்புனதும் ஒப்பாரி ஆரம்பிச்சிரும். ‘பிள்ளை பாஸ்’னு வந்த தந்திக்குக்கூட ஒருத்தி மாருல அடிச்சுக்கிட்டு அழுதா. வாசிச்சுக் காட்டுன பெறகு, “அதை மொதல்லயே சொன்னா என்ன?”ன்னு என்னைத்தான் வைதா.

இந்தத் தந்திக்கு அழுகை நியாயந்தான். 1917 ஜனவரி 16, ஜெர்மனி வெளியுறவு மந்திரி சிம்மர்மன் மெக்சிகோவுல இருக்க தன் தூதருக்கு விட்டது. பிப்ரவரி 1-லருந்து நீர்மூழ்கியை விட்டு எந்தக் கப்பலா இருந்தாலும் அடிக்கப் போறோம். அமெரிக்கா சண்டைக்கு வந்துட்டா மெக்சிகோ நம்ம பக்கம் சேரட்டும். டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா மூணையும் திரும்பப் பிடிச்சுக்கிடட்டும். அடுத்தவன் தோட்டத்துத் தேங்காயை எடுத்து நம்ம பிள்ளையாருக்கு உடைக்க கணக்கு. எல்லாம் வெறும் நம்பரா இருக்கும். அவங்க சங்கேதப் புத்தகத்துல அரிசோனாவுக்கு நம்பரே இல்லை. அர்-இஸ்-ஓன்-அ-ன்னு நாலு துண்டா வெட்டி அனுப்பியிருக்கான். என் கையில வந்திருந்தா சிரிச்சே சாவியை விட்டிருப்பேன்.

இதுல ருசி என்ன தெரியுமா? ஜெர்மானியனோட கடலடிக் கம்பியை எல்லாம் 1914 ஆகஸ்டுலயே இங்கிலீஷ்காரன் அறுத்துப் போட்டான். அதனால வில்சன், சமாதானம் பேசத்தானேன்னு பெரிய மனசு பண்ணி, தன் தூதரகக் கம்பியை ஜெர்மனிக்கு ஓசியில விட்டிருந்தாரு. அந்தக் கம்பியில ஏறித்தான் அவர் வீட்டை மூணாப் பங்கு போடுத சேதி போச்சு! பெர்லின், கோபன்ஹேகன், லண்டன், வாஷிங்டன்னு வழி. லண்டன்ல இங்கிலீஷ்காரன் காது வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்.

நீ வலது வீட்டு அண்ணனுக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருக்கியாமே? நல்லது, நல்லது.

சென்னையில 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் குண்டு போட்டதுலருந்து, விவரமான பயலை நாம ‘எம்டன்’ங்கோம். அசல் எம்டன் இங்கன வைட்ஹால்ல இருந்திருக்கான். கடற்படை உளவுத் தலைவன் ரெஜினால்ட் ஹால். ஓயாம கண்ணைச் சிமிட்டுவானாம். சேதியைக் கையில வச்சுக்கிட்டு மூணு வாரம் தன் வெளியுறவு ஆபீசுக்கே மூச்சு விடலை. உடனே நீட்டுனா, “என் கம்பியில எதுக்குலே காது வச்சே?”ன்னு அமெரிக்கா கேக்கும்லா. வாஷிங்டன்லருந்து மெக்சிகோவுக்குப் போன நகலை அங்க ஆள் வச்சு எடுத்தான். எங்க தந்தி ஆபீஸ் ஆளுதான் கொடுத்திருக்கணும், வெக்கக்கேடு. அதைக் காட்டுனா, மெக்சிகோவுல சிக்குனதுன்னு சொல்லிக்கிடலாம். போதாக்குறைக்கு, லண்டன் அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளயே அமெரிக்க அதிகாரி கையால நம்பரைப் பிரிச்சு எழுத வச்சான்.

மார்ச் 1-ல பேப்பர்ல வந்துச்சு. இது இங்கிலீஷ்காரன் சோடிச்சதுன்னு சொல்லி அமெரிக்காவுல நெறையப் பேர் நம்பலை. மார்ச் 3-ல சிம்மர்மனே, “ஆமா, நான்தான் அனுப்புனேன்”னுட்டாரு! உலகத்துல அப்படி ஒரு யோக்கியனை நான் பாக்கலை.

தந்தியால மட்டும் அமெரிக்கா சண்டைக்கு வந்துச்சுன்னு சொன்னா அரைப் பொய். 1915 மே மாசம் ஜெர்மன் நீர்மூழ்கி முக்குன லூசிடேனியா கப்பல்ல 128 அமெரிக்கர் செத்தப்பகூட வில்சன் வாயால வஞ்சதோட சரி. ஆனா அதுக்குப் பெறகு இங்கிலீஷ்காரனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் அமெரிக்க பாங்குக்காரங்க கொடுத்த கடன் 200 கோடி டாலருக்கு மேல. ஜெர்மனிக்குக் கொடுத்தது கிள்ளுப் பணம். கடன் வாங்குனவன் தோத்தா கொடுத்தவன் கதி? இதை மட்டும் யாரும் மேடையில பேச மாட்டாங்க. பெல்ஜியம் பாவம், அதுக்கு இந்தக் கடன் வம்புகூட இல்லை. 1839-ல இதே லண்டன்ல பெரிய பெரிய நாடெல்லாம் “நீ என்னைக்கும் நடுநிலை”ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. 1914-ல ஜெர்மன் பட்டாளம் அது வழியாத்தான் பிரான்சுக்குப் போச்சு. எடம் வாசலா அமைஞ்சு போச்சு, என்ன செய்ய? நம்ம வாசல் மாதிரி.

இடது வீட்டு அண்ணன் வீடு ரிப்பேருக்கு உன்கிட்ட 2,000 பவுண்டு வாங்கியிருக்கான்லா? திருப்பிக் கேட்டியா? கேக்க மாட்டே, நீதான் பொதுவாச்சே.

இன்னிக்கோ நாளைக்கோ அவன் போனைத் தூக்கிட்டு வருவான் பாரு. வலது வீட்டுக்காரன் எவனுக்கோ அனுப்புன வாட்சாப்பு அதுல இருக்கும். கவுன்சிலுக்கு உன் பேர்ல மனுப் போட்டு இந்த எடத்தைத் தனக்கு வாங்கிக்கிடலாம்னு. உன் வைஃபையில போன சேதி! படிச்ச உடனே குதிக்காத, ஒரு காப்பியைக் குடி.

எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கே? பின்னால கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தும்போது வேலி வழியா காதுல விழுந்துச்சு. யாராவது கேட்டா, பார்க்குல பேசிக்கிட்டாங்கன்னு சொல்லிரு. வேலியை அடைச்சுட்டான்னா எனக்கு இந்த ஊர்ல பொழுது போக வேண்டாமா?