ஒப்பாவும் ஒப்பாரியும்

போன ஞாயிற்றுக்கிழமை உள்ளறையிலிருந்து "ஒப்பா!" என்று ஓர் அலறல். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அம்மா பதறிப்போய், "யாருட்டி செத்தா?" என்றாள். ஒப்பாரியின் முதல் பாதி காதில் விழுந்தால் சீவலப்பேரியில் வேறு என்ன கேட்பார்கள்?

சாவு எதுவும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் செல்போனில் பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக்குழுவின் பையன் ஒருவன் தலைமுடியைக் கோதியிருக்கிறான், அவ்வளவுதான். கொரியாவில் பெண்பிள்ளைகளுக்கு அண்ணனும் ஒப்பா, காதலனும் ஒப்பா. இதை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "ரெண்டு பேருக்கும் ஒரே பேராலே?" என்றவள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மகளுக்கு ஏதாவது நன்றாக இருந்தால் "தேபாக்". அலுத்துக்கொண்டால் "ஐகூ", நம் ஐயோவுக்குச் சளி பிடித்த மாதிரி. ஒப்பாவையும் தேபாக்கையும் 2021-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே சேர்த்துக்கொண்டது. எங்கள் "ஏலே"வுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரச மகள் ஒரு முத்திரை காட்டுகிறாள், இதயமாம். அம்மா சுண்ணாம்பு டப்பாவை நீட்டினாள்.

அப்பா கொரியனிலும் அப்பாதான். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணப் புத்தகம் போட்டார். மொழியியலாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, என் மகள் ஒத்துக்கொண்டாள். சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிற ஊர் இது. கலந்தபின் எது எந்தத் தண்ணீர் என்று யார் சொல்வது? அவள் "அப்பா" என்றால் எந்த மொழி என்று எனக்கும் தெரிவதில்லை. பணம் கேட்டால் தமிழ் என்று வைத்திருக்கிறேன்.

2024 ஜனவரியில் கரூர்ப் பக்கம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் 14,000 ரூபாயோடு பி.டி.எஸ்.ஸைப் பார்க்கக் கிளம்பினார்கள். விசாகப்பட்டினத்தில் கப்பலேறுவதாகத் திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தோடு பயணம் முடிந்தது. அதிலிருந்து மகளின் உண்டியலை அவ்வப்போது தூக்கிக் கனம் பார்க்கிறேன்.

நேற்று பள்ளிவிட்டு வந்தவள் ஆச்சி முன் குனிந்து, "பப் மொகொஸ்ஸொயோ?" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"சாப்ட்டாச்சான்னு கேக்கா. அங்க நலம் விசாரிக்கதே அப்படித்தானாம்."

திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிற அத்தனை பேரிடமும் அம்மா நாள்தோறும் கேட்கிற கேள்வி அது. சற்று நேரம் வெற்றிலையை மென்றாள்.

"இன்னும் இல்லங்கதுக்கு அந்தப் பாஷையில என்னலே சொல்லணும்?"