வரத்துக்கால் வழியாகத்தான் கண்மாய்

எங்கள் ஊர் திருவாடானைப் பக்கம். ஆண்டு மழை 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்துவிடும். கொட்டியதைத் தை மாசி வரைக்கும் நிறுத்திவைத்து நெல்லை வீடு சேர்ப்பது கண்மாயின் வேலை. பக்கத்தில் இருக்கும் ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்களுடையது மூன்று மடை. இருந்தாலும் ஊரின் சோறு அதில்தான்.

என் சின்ன வயதில், கோடையில் கண்மாய் வற்றியதும் மராமத்து நடக்கும். ஆயக்கட்டில் நிலம் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வரவேண்டும். நிலம் கூடினால் ஆளும் கூடும். வெள்ளைக்காரன் 1858இல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கிய வேலைதான். ஆனால் எங்கள் ஊரில் யாரும் சட்டத்துக்குப் பயந்து மண்வெட்டி எடுத்ததாக எனக்கு நினைவில்லை. வண்டலுக்காக வந்தார்கள். உள்வாயில் வெட்டிய மண் மாட்டுவண்டியில் ஏறி நேரே வயலுக்குப் போகும். வண்டல் விழுந்த வயலுக்கு அந்த வருஷம் வேறு உரம் தேவைப்படாது. மடை திறப்பதும், கடைசி வயல் வரை தண்ணீர் பங்கிடுவதும் நீர்க்கட்டியின் பொறுப்பு. அவருக்குக் களத்துமேட்டிலேயே நெல் அளந்துவிடுவார்கள்.

இதையெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். எழுதாமல் விட்டது வரத்துக்காலை. மழைநீரைக் காட்டிலிருந்து கண்மாய்க்குக் கொண்டுவரும் கால்வாய் அது. அதன் இரு பக்கமும் நிலம் வைத்திருக்கும் மேல்காட்டுக்காரர்களுக்கு எங்கள் கண்மாயிலிருந்து ஒரு சொட்டுப் பாசனம் கிடையாது. ஆனால் தண்ணீருக்கு வழிவிட வேண்டியவர்கள் அவர்கள்தான். அதனால் அன்றைக்கு வரத்துக்காலில் வாரும் வண்டலும் கரைப்புல்லும் அவர்களுக்கு என்று ஊர் விட்டுக்கொடுத்திருந்தது. மராமத்து நின்றதோடு அந்த ஏற்பாடும் நின்றுபோனது. கால்வாயின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் ஏறியது. விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று அரசே ஒரு காலத்தில் பரப்பிய மரம். 2017இல் அதை வேரோடு அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டது. இடைப்பட்ட காலத்தில் மானாவாரியை நம்பமுடியாத மேல்காட்டுக்காரர்களுக்கு அந்த மரத்தின் கரிமூட்டம்தான் கஞ்சி ஊற்றியது. ஆகவே, வெட்டச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்.

அதே 2017இல் குடிமராமத்து என்ற பேரில் அந்த மராமத்து அரசுத் திட்டமாகத் திரும்பி வந்தது. செலவில் பத்து விழுக்காட்டைப் பணமாகவோ உழைப்பாகவோ விவசாயிகள் தரவேண்டும் என்பது அப்போதைய விதி. அருமையான விதி. எங்கள் ஊரில் அந்தப் பங்கையும் வேலை எடுத்தவரே கட்டிவிட்டார். ஒருவரும் மண்வெட்டி தொடவில்லை. ஜேசிபி இறங்கி, மண் கிடைத்த இடத்தில் ஆழமாகத் தோண்டியது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தேங்குகிற தண்ணீர் தானாக வயலுக்குப் போகாது. கரையை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனப்படும். நீர்க்கட்டியைக் கேட்டிருந்தால் இரண்டையும் நின்ற இடத்திலேயே சொல்லியிருப்பார். அந்த ஐப்பசியில் நல்ல மழை. அப்படியும் கண்மாய் பாதிகூட நிறையவில்லை.

பிறகுதான் காரணம் தேடி நாங்கள் சிலர் மேல்காட்டுக்குப் போக ஆரம்பித்தோம். புலப்படத்தில் அகலமாக இருக்கிற வரத்துக்கால், தரையில் ஓர் ஆடு தாண்டும் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

“நான் அடைக்கலை தம்பி. வருஷத்துக்கு ஒரு சால் தள்ளி உழுதேன், எங்கப்பா மாதிரியே” என்றார் ஒரு பெரியவர். ஒளிக்காமல் சொன்னார். “சரி, உங்க கண்மாய் நிறைஞ்சா எனக்கு என்ன?”

“உங்க கிணறு ஊறும் பெரியப்பா.”

“ஊறும். கால்வாயை வெட்டிட்டா என் டிராக்டர் எப்படி அந்தப் பக்கம் போகும்? வெள்ளம் வந்தா என் வரப்பை உடைச்சு மணலைக் கொட்டிட்டுப் போகுமே, அதை யாரு அள்ளுறது?”

ஆக்கிரமிப்பு என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினால் முடிந்துவிடும் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007இலேயே சட்டம் இருக்கிறது என்றும் சொன்னார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகிறவர் அடுத்த உழவுக்கு வந்து நிற்கமாட்டார். அந்தப் பெரியவர் கேட்ட மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் இருந்தது. டிராக்டர் போக ஒரு குழாய்ப்பாலம். திரும்புகிற இடத்தில் கரையை உயர்த்தி வெட்டிவேரும் பனங்கொட்டையும் ஊன்றுவது. நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை: முதல் தண்ணீர் அவருக்கு, வழிகிற தண்ணீர் வரத்துக்காலுக்கு. வரத்துக்கால் வண்டல் பழையபடி மேல்காட்டுக்கே என்று கோயில் கூட்டத்தில் பேசி எழுதியும் வைத்தோம்.

பெரியவர் தான் தள்ளி உழுத நிலத்தை விட்டுக்கொடுத்த நாளில் கயிறு பிடித்து அளந்தோம். மறுமுனையைப் பிடித்தவர் அவரே. ஒவ்வொரு சாலாகக் கால்வாய்க்குள் புகுந்த நிலத்தை, பழைய எல்லைக்கல் தட்டுப்படும் வரை நடந்து அவரே காட்டினார். அவரைப் பார்த்து அடுத்தடுத்த காட்டுக்காரர்களும் இறங்கிவந்தார்கள். பனங்கன்றுகள் இப்போது முழங்கால் உயரம். போன கார்த்திகையில் மூன்று மடையும் திறந்தோம்.

கண்மாய்க்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இன்னும் ஒரு துண்டு நிலம் பாக்கி. நிலத்துக்காரர் திருப்பூரில் இருக்கிறார். பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய முதல் கேள்வியும் குழாய்ப்பாலம்தான். ஒன்றிய அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். அவர் வருவதற்குள் குழாய் வந்து இறங்கிவிட்டால் பேச்சு சுலபமாக முடியும்.