கனடா அனுபவம் உண்டா?

கேள்வி: பி.இ. சிவில் முடித்து எட்டு வருட சர்வீஸ். டொரன்டோ போனால் இன்ஜினீயர் ஆகிவிடலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: வேலைக்குப் போகலாம், லைசென்ஸ் உள்ள ஒருவர் பொறுப்பேற்றால். விசிட்டிங் கார்டில் மட்டும் 'இன்ஜினீயர்' என்று அடித்துவிடாதீர்கள்! டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் லைசென்ஸ் இல்லாமல் அப்படிப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். நம்மூரில் பட்டம் வாங்கிய கையோடு வாசலில் போர்டு மாட்டுகிறோம். அங்கே பட்டத்தைச் சரிபார்க்கக் கொடுத்து, 4 வருட அனுபவம் காட்டி, சட்டம், தொழில் ஒழுக்கம் பற்றிய தேர்வும் எழுத வேண்டும்.

அந்த 4 வருடத்தில் ஒரு வருடமாவது கனடாவில் கழிந்திருக்க வேண்டும் என்று முன்பு விதி. லைசென்ஸுக்கு அனுபவம் வேண்டும், அனுபவத்துக்கு வேலை வேண்டும், வேலைக்கு லைசென்ஸ் கேட்பார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்! 2023 மே மாதம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். 2026 ஜனவரியிலிருந்து, 25 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை விளம்பரத்திலும் 'கனடா அனுபவம்' கேட்கக் கூடாது. மனதுக்குள் கேட்டுக்கொள்ளத் தடையில்லை.

கிளம்புமுன் பழைய மேலதிகாரிகளோடு சண்டை இருந்தால் ராசியாகிவிடுங்கள். உங்கள் அனுபவத்துக்குச் சாட்சி சொல்லப்போவது அவர்கள்தான்!