கார் துடைத்தல்: அகமும் புறமும்

கார் என்றால் மேகம், மழை, கருமை என்று பொருள் சொல்லிக்கொண்டிருந்த தமிழுக்கு நான்கு சக்கரம் வந்து சேர்ந்தது பிற்காலத்தில். பழைய பொருள் இன்னும் வழக்கொழியவில்லை என்பதற்குக் கும்மிடிப்பூண்டியே சான்று. இங்கே வெள்ளைக் கார் வாங்கினாலும் மூன்றே நாளில் அது கார் நிறம் கொள்கிறது. மேலும், 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் தயாரானது இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். காரைப் பெற்றெடுத்த மாவட்டத்தில் அதைக் குளிப்பாட்ட ஓர் இலக்கணம் இல்லை. அக்குறை இக்கட்டுரையால் தீர்கிறது.

கார் துடைத்தல் அகம், புறம் என இருவகைப்படும். இதைக் கண்டுபிடிக்கப் புலமை வேண்டாம். கதவு ஒன்று இருப்பதே போதும். ஆனால் எதை முதலில் செய்வது? 'புறமே முதலில்' என்பார் ஓடும் தண்ணீரைக் கண்டால் உற்சாகம் கொள்வோர். அது பொருந்தாது. என்னை? மிதியடியை உதறும்போது பறக்கும் மண் ஈரமான கதவில்தான் போய் உட்காரும். ஆகவே அகமே முதல்.

இனி நிலம். தொல்காப்பியர் நான்கு நிலங்களைச் சொன்னார். பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. அந்தக் காலியிடத்தில்தான் பிற்காலத்தில் எங்கள் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது என்பது என் துணிபு. இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் ஒரு பக்கம், கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவு பகல் பாராமல் ஓடும் லாரிகள் மறுபக்கம். நடுவில், புங்க மரத்தடியில், என் கார்.

இங்கு விழுவது சாதாரணப் புழுதி அன்று. அதில் இரும்புத் துகள் கலந்திருக்கிறது. இரவில் பானெட்டில் பனி இறங்கும். பழவேற்காட்டுப் பக்கமிருந்து உப்புக்காற்று வரும். மூன்றும் கூடினால் துகள் துருப்பிடிக்கும். காலையில் பார்த்தால் வெள்ளைப் பெயிண்டில் ஊசிமுனையளவு செம்புள்ளிகள். 'வண்டி துருப்பிடிச்சிடுச்சு' என்று அலறுவது பேதைமை. துருப்பிடித்தது வந்து ஒட்டிய துகள்தான், வண்டி அல்ல. காரின் உடம்பும் இரும்புத் தகடே என்பதால் இதைத் தூசி என்று இழிவாகச் சொல்லாமல் பங்காளி வருகை என்று கொள்வதே முறை. பங்காளியும் வந்தால் எளிதில் கிளம்ப மாட்டார். ஷாம்புக்கு அசைய மாட்டார். நகத்தால் சுரண்டினால் பெயிண்டையும் கூட்டிக்கொண்டு போவார். கிளே பார் என்று ஒரு களிமண் கட்டி விற்கிறது. சோப்புநீர் தெளித்து, அழுத்தாமல் வழுக்கிக்கொண்டே இழுத்தால் புள்ளிகள் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் கரையும் என்பது நம்பிக்கை. துருப்புள்ளிக்காக நான் கரைத்த வெல்லம் மீன்களுக்குப் பயன்பட்டது.

கருப்பொருள்களில் தலையாயது நீர். 1944இல் கட்டி முடித்த பூண்டி ஏரி இம்மாவட்டத்தில் இருக்கிறது. அரை டி.எம்.சி. கொள்ளளவுள்ள கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலேயே 2020இல் திறக்கப்பட்டது. இரண்டும் சென்னையின் தாகத்துக்கு. என் பக்கெட்டுக்கு போர் தண்ணீர். அது உப்பு. வெயிலில் நின்று கழுவினால் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் வட்டவட்டமாகத் தங்கி, காருக்குத் தேமல் வந்ததுபோல் தோன்றும். நிழலில் கழுவி, காயுமுன் ஒற்றி எடுப்பதே மருந்து. ஓஸ் பைப் கட்சிக்கும் பக்கெட் கட்சிக்கும் இடையிலான வழக்கில் நான் பக்கெட் கட்சி. இரண்டு பக்கெட்டில், 40 லிட்டருக்குள், வேலை முடியும். 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரில் அறிவித்தார்கள். எங்கள் தெருவில் அபராதம் கிடையாது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, "என்ன சார், இன்னிக்கும் வாட்டர் சர்வீஸா?" என்று கேட்பதோடு சரி.

மழையே கழுவிவிடும் என்றொரு சோம்பல் கொள்கை உண்டு. கார்காலம் ஆவணியும் புரட்டாசியும் என்கிறது இலக்கணம். எங்களுக்கு மழை கொட்டுவதோ ஐப்பசியிலும் கார்த்திகையிலும். அதுவரை காத்திருந்தாலும், முதல் மழை வானத்திலிருக்கும் தூசியையும் சேர்த்தே இறக்கிவிட்டுப் போகும்.

அகத்துக்கு வருவோம். அகத்திணையில் எவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது மரபு. இம்மரபின் பெருமை பின்சீட்டைத் தூக்கியபோதுதான் எனக்கு விளங்கியது. முறுக்குத் துண்டு, மல்லிகை நார், ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் பாதியில் மறந்த வேர்க்கடலைப் பொட்டலம். யார் சிந்தியது என்று கேட்டேன். வீட்டில் எல்லாரும் மரபு காத்தனர். டேஷ்போர்டுக்கு ஈரம் பிழிந்த துணி மட்டும் போதும். பட்டன்கள் மேல் தண்ணீர் தெளிப்பவர் பின்னால் எலக்ட்ரீஷியனைத் தேடுவார். ஏசி ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். அதன் நிறத்தை இங்கு விவரிக்கவில்லை; அகத்தில் சில குறிப்பாகவே உணரப்பட வேண்டும்.

புறத்திணை வெட்சியில் தொடங்குகிறது. பண்டு ஆநிரை கவர்ந்தனர். இன்று குளியலறை பக்கெட்டைக் கவர்கிறோம். "ஏங்க, அது குளிக்கிற பக்கெட்டு!" என்று உள்ளிருந்து எழும் குரல் கரந்தை. பிள்ளைகளோடு காரைச் சூழ்ந்து நிற்பது உழிஞை. நேரடிப் போரான தும்பையில் ஒரு விதி முக்கியம்: துணி படுமுன் தண்ணீர் பட வேண்டும். காய்ந்த தூசி மேல் பனியன் வேஸ்ட்டைப் போட்டுத் தேய்ப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் நிறுத்தினால் சிலந்திவலைபோல் கீறல் தெரியும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். சக்கரம் கடைசி, அதற்குத் துணியும் தனி. பிரேக் தூசியும் இரும்புதான், இன்னொரு பங்காளி. பாத்திரம் கழுவும் திரவம் கூடாது. அது அழுக்கோடு மெழுகுப் பூச்சையும் கழற்றிவிடும். கண்ணாடிக்கு நேற்றைய செய்தித்தாளைக் கசக்கித் தேய்க்கலாம். இறுதியில் கார் பளபளக்கும். அது வாகை.

வாகைக்கு அடுத்து நிலையாமை பேசும் காஞ்சியைத் தொல்காப்பியர் ஏன் வைத்தார்? ஞாயிறு பகல் ஒரு மணிக்கு என் கார் வாகை சூடியது. ஐந்து மணிக்கு பானெட்டில் விரலால் இழுத்துப் பார்த்தேன். கோடு விழுந்தது.

எஞ்சியிருப்பது பாடாண், அதாவது கொடையாளரைப் பாடிப் பரிசில் கேட்பது. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மூன்று பக்கம் சுவரும் மேலே தகரக் கூரையும் உள்ள ஷெட் வாடகைக்கு இருந்தால், படிப்பவர் தயவுசெய்து தெரிவிக்கவும். அட்வான்ஸ் தரத் தயார்.