ஓடுபாதைக்கு முந்நூறு பேர், ஊருக்கு நாலு வெடி

2016 மார்ச்சில் இலங்கை அரசு ஒரு போர் நடத்தியது. களம் மத்தல. எதிரிகள் யானை, எருமை, மான். அரச தரப்பில் முந்நூறுக்கு மேற்பட்ட இராணுவத்தினரும் பொலிஸாரும் வெடிகளோடு புதருக்குள் இறங்கினார்கள். சர்வதேச விமான நிலையத்தின் ஓடுபாதையை மிருகங்களிடமிருந்து மீட்க வேண்டுமாம். நாளொன்றுக்கு அங்கே இறங்கிய விமானங்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

விமானத் துறையைக் குற்றம் சொல்ல முடியாது. ஓடுபாதையில் மயில் நின்றாலும் அந்தத் துறைக்கு அது அச்சுறுத்தல். அச்சுறுத்தலை முன்கூட்டியே கண்டுபிடி. மனிதன் தவறுவான் என்று எண்ணியே வேலை செய். நேர்ந்த தவறு சாவில் முடிவதற்குள் அதைப் பிடித்து நிறுத்து. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ரொபர்ட் ஹெல்ம்ரைக்கும் அவருடைய குழுவினரும் விமானி அறைக்குள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வளர்த்த முறை இது. தவறே செய்யாத மனிதர் உண்டென்று அங்கே யாரும் நம்புவதில்லை. நமது அமைச்சரவைகளில் அப்படிப்பட்டவர்கள்தான் எப்போதும் பெரும்பான்மை.

இனி வில்கமுவவுக்கு வருவோம். மாத்தளை மாவட்டத்தின் கிழக்குக் கோடி. பக்கத்தில் வஸ்கமுவ தேசியப் பூங்கா. அங்கே அச்சுறுத்தலை அடையாளம் காண ஹோட்டலில் கருத்தரங்கு வைக்க வேண்டியதில்லை. இருட்டினால் அது தானாகவே வயலுக்கு வரும். நாலு காலில் வரும். மரத்தில் கட்டிய காவல் குடிசையில் விவசாயி விழித்திருப்பார். ஒரு டோர்ச், நாலு யானை வெடி. அவருடைய பாதுகாப்பு முகாமைத்துவம் முழுவதும் அவ்வளவுதான். விடிந்ததும் இறங்கி வந்து அதே மனிதர் வரம்பு வெட்ட வேண்டும்.

விமானி இத்தனை மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. களைப்பு கொல்லும் என்பதை ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2010 மே 22 அன்று மங்களூரில் எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் போனார்கள். கப்டன் வழியில் நெடுநேரம் தூங்கியிருந்தார். அவருடைய குறட்டைகூட ஒலிப்பதிவுக் கருவியில் இருந்தது. ‘இறங்க வேண்டாம், மேலே எழும்புவோம்’ என்று துணை விமானி கேட்டதும் இருந்தது. ஒரு கப்டனின் அரைத்தூக்கத்தை நிமிடக் கணக்கில் ஆராய்ந்தது விசாரணைக்குழு. வில்கமுவ விவசாயி எத்தனை இரவு தூங்கவில்லை என்று எந்தத் திணைக்களத்தின் பதிவேட்டில் இருக்கிறது? அவர் யானையிடம் மாட்டினால் மட்டும் ஒரு கேள்வி வரும். அந்த நேரத்தில் அவருக்கு வெளியே என்ன வேலை?

பழியை அடுத்தவர் தலையில் போடும் இந்த மாதிரிக் கேள்வியில் நாம் பழுத்தவர்கள். 1978 நவம்பர் 15 அன்று ஐஸ்லாந்து விமானம் ஒன்று கட்டுநாயக்கவில் இறங்கப்போய் ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. 183 சாவு. பெரும்பாலானோர் மக்காவிலிருந்து திரும்பிய இந்தோனேசிய ஹாஜிகள். விமானிகளின் தவறு என்றது இலங்கை விசாரணை. கட்டுநாயக்கவின் தரைக் கருவிகளில்தான் கோளாறு என்றது ஐஸ்லாந்துத் தரப்பு. தவறுக்கும் கடவுச்சீட்டு உண்டு. அது எப்போதும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு.

சரி, மத்தலயில் மிருகங்கள் ஓடுபாதைக்கு வந்தனவா, ஓடுபாதை மிருகங்களிடம் போனதா? யானை நடமாடும் காடு, பருவம் தவறாமல் பறவைகள் வந்திறங்கும் நாடு, இங்கே வேண்டாம் என்று சுற்றாடல் ஆர்வலர்கள் தலைதலையாய் அடித்துக்கொண்டார்கள். 1977 இல் டெனரீவ் தீவில் பனிமூட்டத்துக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டதற்கு முன்னும் இதே கதைதான். மற்ற விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கே.எல்.எம். விமானத்தின் பொறியியலாளர் கேட்டார். கப்டன் அதைத் தட்டிவிட்டு ஓட்டினார். அதன் பிறகுதான், கீழே இருப்பவர் வாய் திறக்கவும் மேலே இருப்பவர் காது கொடுக்கவும் உலகம் முழுக்க விமானிகளுக்குப் பயிற்சி வந்தது. மத்தல விடயத்தில் கப்டனுக்குக் காது கேட்கவில்லை. கப்டன் யாரென்று தேட வேண்டாம். விமான நிலையத்தின் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது.

209 மில்லியன் டொலர். அதில் 190 மில்லியன் சீனாவின் எக்ஸிம் வங்கிக் கடன். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகள் என்ற கணக்கு. 2013 மார்ச்சில் திறந்தார்கள். 2015 இல் ஆட்சி மாறியதும் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் கிளம்பியது, நெல் மூட்டை வந்தது. சரக்கு முனையம் நெற்களஞ்சியமாயிற்று. யானைக் காட்டுக்கு நடுவே நெல்லைக் குவித்துவிட்டு யானையை விரட்ட இராணுவத்தைக் கூப்பிட்ட நாடு இது.

வேலி போடுகிறோமே என்பார்கள். போட்டிருக்கிறார்கள், ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு. எங்கே போட்டார்கள் என்பதுதான் கூத்து. வனஜீவராசிகள் திணைக்களத்தின் காடு ஒரு பக்கம், வனத் திணைக்களத்தின் காடு மறுபக்கம், இரண்டுக்கும் நடுவே மின்வேலி. நாட்டில் பல இடங்களில் நிலைமை இதுதான். வேலிக்கு இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. தான் எந்தத் திணைக்களத்தில் குடியிருக்கிறேன் என்பது யானைக்குத் தெரியாது. வேலி போட்டவருக்கோ அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஊரைச் சுற்றிப் போடுங்கள், விதைத்த வயலைச் சுற்றிப் போகத்துக்குப் போகம் போட்டுக் கழற்றுங்கள் என்று பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 இலேயே தேசியத் திட்டம் கொடுத்தது. 2023 இல் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட யானைகள் செத்தன. மனிதர்கள் நூற்றைம்பதுக்கு மேல். ஒரு பெரிய விமானம் நிறைய ஆட்கள். ஒரே நாளில் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் ஜனாதிபதி ஆணைக்குழு, கறுப்புப் பெட்டி, உலகத் தொலைக்காட்சி எல்லாம் வந்திருக்கும். ஒவ்வொருவராக, வயல் வரம்பில், இருட்டில் சாகிறார்கள். அதனால் ‘யானை தாக்கி ஒருவர் பலி’ என்று ஆறாம் பக்கத்தில் இரண்டு வரி.

முந்தைய அரசு ஹிங்குராக்கொட விமான நிலையத்தையும் சர்வதேச நிலையமாக்கப்போவதாக அறிவித்தது. உலகமே யானைக்கூட்டம் பார்க்க வரும் மின்னேரியாவின் அயலில். இடம் தெரிவு செய்வதில் இவர்களுக்கு இருக்கும் கண் யாருக்கும் வராது. அதையே வில்கமுவ பிடித்துக்கொள்ள வேண்டும். இனிமேல் மின்வேலி கேட்டு மனுக் கொடுக்காதீர்கள். வெடி கேட்டு வரிசையில் நிற்காதீர்கள். பிரதேச செயலகத்துக்குப் போய் ஒரு சர்வதேச விமான நிலையம் கேளுங்கள். அடிக்கல் நாட்டிய மறுநாளே யானை தேசிய அச்சுறுத்தலாகிவிடும். முந்நூறு பேர் லொறியில் வந்து இறங்குவார்கள். ஓடுபாதையில் நெல் காயப்போடலாம், முனையத்தில் மூட்டை அடுக்கலாம். விண்ணப்பத்தில் பயணிகள் எத்தனை பேர் என்று கேட்டால் வாய்க்கு வந்ததை எழுதுங்கள். பத்து இலட்சம் என்றாலும் கையெழுத்துப் போடுவார்கள்.