ஆர்கனா, டிரம்ஸா?

ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கே ஆலயம் அதிர ஆரம்பித்துவிடுகிறது. "செக்... செக்... அல்லேலூயா, செக்" என்று மைக்கைத் தட்டுகிற தம்பிதான் அன்றைய முதல் ஆராதனைக்காரர். டிரம் பேடு, பேஸ் கிட்டார், இரண்டு கீபோர்டு, பாடுகிறவர் காதுக்குள் மானிட்டர், போதாக்குறைக்கு ஒரு புகை மெஷின். பீடத்துக்கு மேலே, சிலுவை இருந்த இடத்தை அடைத்துக்கொண்டு எல்.இ.டி. திரை. அதில் மலை உச்சியில் பருந்து பறக்கிறது. சிலுவை எங்கே ஐயா என்றால், லோகோவில் இருக்கிறதே என்கிறார்கள்.

முன்வரிசைப் பெரியவர்களுக்கு இதைக் கண்டால் ரத்தம் கொதிக்கிறது. ஆர்கன்தான் பரலோகத்தின் ஆஸ்தான வாத்தியம் என்பது அவர்கள் கட்சி. ஆனால் அவர்கள் பாடும் பாமாலையின் மெட்டுகளில் பெரும்பாலானவை ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் கப்பலேறி வந்தவை. ஆர்மோனியம் 1842-ல் பாரிசில் காப்புரிமை வாங்கிய பெட்டி. தாத்தா காலத்து நாகரிகம் பேரன் காலத்தில் பாரம்பரியமாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனாலும் ஆர்கனா, டிரம்ஸா என்று சேகர கமிட்டியில் நாற்காலி பறக்கிறது.

இந்த அமளியில் விசுவாசப் பிரமாணத்தைக் காணவில்லை என்று யாரும் புகார் கொடுக்கவில்லை. கி.பி. 325-ல் நிசேயாவில் ஆயர்கள் கூடி, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவரா என்று மல்லுக்கட்டி வகுத்த அறிக்கை அது. 2025-ல் அதற்கு 1700 வயது நிறைந்தது. நிதானமாகச் சொன்னாலும் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனாலும் நேரமில்லையாம். பிறந்தநாள், திருமணநாள் காணிக்கைப் பட்டியல் வாசிக்க நேரமிருக்கிறது. அறுப்பின் பண்டிகையில் ஒற்றைத் தேங்காயை ஆயிரங்களுக்கு ஏலம் விட, மத்தியானம் இரண்டு மணிவரை நேரமிருக்கிறது. கிறிஸ்து யார் என்று சொல்லத்தான் இரண்டு நிமிஷம் கிடைக்கவில்லை.

பாட்டுகளிலாவது அவர் இருக்கிறாரா என்று காதைத் தீட்டிக் கேட்டால், 'நான்', 'எனக்கு', 'என் எல்லை', 'என் உயர்வு'. பொந்தியு பிலாத்து வருவதே இல்லை. கல்வாரி வந்தாலும், அங்கே நமக்கு என்ன கிடைத்தது என்ற வரவுக் கணக்கோடு வருகிறது.

டிசம்பர் 31 நள்ளிரவில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். பளபளப்புக் காகிதம், ரோஜாப் படம், எரேமியா 29:11. உங்களுக்கு நன்மையான எதிர்காலம் வைத்திருக்கிறேன் என்று கர்த்தர் சொல்லும் இடம். வாங்கியவர் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, மகனுக்குக் கனடா விசா வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு படுக்கிறார். பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதற்கு நேர் மேலே உள்ள பத்தாம் வசனத்தில், எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்று இருக்கிறது. அதை அட்டையில் போட்டால் அட்டை போகாது. காணிக்கைக் கவரும் நிறையாது.

சரி, பழைய பாணியைப் பிடித்துக்கொண்டு நின்றால் விசுவாசம் பத்திரமாக இருக்குமா? தஞ்சாவூர் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரைப் பாருங்கள். வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றாதே, தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுக்காதே, மங்கலத்துக்குப் பூ வைப்பதைத் தடுக்காதே என்று புது மிஷனரிகளை எதிர்த்து நின்றார். அந்தப் பிடிவாதத்துக்குத் தமிழ்ச் சபை இன்றும் கடன்பட்டிருக்கிறது. ஆனால் சாதி வேற்றுமையை விடச் சொன்னதையும், மிஷனரிகளின் கொடுமைகள் என்று போட்ட அதே பட்டியலில் சேர்த்தாரே, அந்த இடத்தில்தான் இடிக்கிறது. 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாகக் கடிதம் அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே எழுந்து போனார்கள். கத்தோலிக்கர் மட்டும் குறைந்தவர்களா? வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிச் சுவர் வைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் அதை இடிக்க முடிந்தது.

கொரிந்து சபையில் வசதியுள்ளவன் முந்திக்கொண்டு உண்ண, இல்லாதவன் பசியோடு உட்கார்ந்திருந்தான் என்பதற்காகப் பவுல் கொதித்து எழுதினார். நீங்கள் உண்பது கர்த்தருடைய பந்தியே அல்ல என்றார். அதே கடிதத்தில் கைத்தாளமும் வருகிறது, அன்பில்லாதவன் பேச்சுக்கு உவமையாக. ஆர்கன் கட்சியும் டிரம்ஸ் கட்சியும் அந்தப் பக்கத்தைப் பசை போட்டு ஒட்டிவைத்திருக்கிறார்கள். திருவிருந்தில் ஒரே அப்பம் என்று முழங்காலிடுகிறவர்கள், செத்த பிறகு ஒரே கல்லறைத் தோட்டத்தில் படுக்க மறுக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. கமிட்டித் தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலைச் சாதிவாரியாகக் கூட்டிக் கழிக்கிறார்கள். அந்த ஒரு நாள் மட்டும் கிட்டாரும் ஆர்கனும் ஒரே சுருதியில் பாடுகின்றன.

நம்பாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் மணமகள் தேவை பக்கத்தைப் புரட்டுங்கள். பையன் மென்பொருள் பொறியாளர், அபிஷேகம் பெற்றவர், ஆராதனைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறார், மறுபடியும் பிறந்த பெண் தேவை. அடுத்த வரியில் சாதி, அதற்கடுத்த வரியில் உட்சாதி. வயதான மனுஷன் எப்படி மறுபடியும் பிறப்பான் என்று நிக்கொதேமு இராத்திரியில் தேடிவந்து கேட்டார், பாவம். நம்மவர்களுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. எத்தனை முறை பிறந்தாலும் அதே தெருவில், அதே சாதியில் பிறந்துகொள்கிறார்கள்.